மூன்றாவது வரியைக் காணோம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கொரோனா நோயாளிகளின் உயிரை விலை மலிவான ஸ்டீராய்டு மருந்து காக்கிறது என்று 2020-இல் நாளிதழ்களில் படித்தோம். இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு மருந்துச் சீட்டில், காய்ச்சல் கண்ட முதல் நாளிலிருந்தே அதை விழுங்கும்படி எழுதியிருக்கிறது. காய்ச்சலில் படுத்திருக்கும் மாமியாருக்காக என் கணவர் இரண்டாம் நாளே ஓர் அட்டை வாங்கி வந்துவிட்டார். கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஓரிரு மாத்திரைகள் உள்ளே போயிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல, பாதியில் அறுந்த செய்தி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டன் மருத்துவமனைகளில் நடத்திய 'ரெக்கவரி' ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16 அன்று அறிவிக்கப்பட்டது. டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் பத்து நாள் பெற்ற 2,104 பேரையும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரையும் ஒப்பிட்டார்கள்; யாருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் கணினி தீர்மானித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், மருந்து பெறாதவர்களிடையே 41.4 சதவீதம், பெற்றவர்களிடையே 29.3 சதவீதம். ஆக்ஸிஜன் மட்டும் வைக்கப்பட்டவர்களிடம் இது 26.2 சதவீதமும் 23.3 சதவீதமுமாக இருந்தது. மூன்றாவதாக ஒரு வரி உண்டு. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில், மருந்து பெறாதோரில் 14.0 சதவீதமும் பெற்றோரில் 17.8 சதவீதமும் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் மருந்துதான் கொன்றது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பலன் தெரியவில்லை, தீங்கு இருக்கக்கூடும் என்ற அளவில் நின்றார்கள். உங்கள் கைக்கு வந்த சீட்டை எழுதியவர் முதல் இரண்டு வரிகளை மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார் போலும்.

இதற்குக் காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது அதை எதிர்ப்பது நமது நோய் எதிர்ப்பு மண்டலம். சிலருக்கு அதன் பிறகு அந்த மண்டலமே அளவுமீறிக் கொதித்தெழுந்து நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகிறது. ஸ்டீராய்டு அந்தக் கொதிப்பை அடக்கும் மருந்து. அதை இரண்டாம் நாளே கொடுத்தால், காவலுக்கு நிற்பவனின் கையைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதையாகிவிடும். போதாக்குறைக்கு அது இரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்க்கும்படி ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்ததற்கு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் வரைமுறையின்றி விழுங்கப்பட்ட ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

மாமியாருக்கு இப்போது தேவை, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சதவீதத்தில் பார்க்கும் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர். நகச்சாயம் இருந்தால் அழித்துவிட்டு, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல் எண் நிலைக்கும்வரை பொறுத்திருந்து பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். ஸ்டீராய்டு வேண்டுமா என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

கேள்வி: மலேரியாவுக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனா நோயாளிகளுக்கு ஆபத்தானது என்று 'லான்செட்' மருத்துவ இதழ் எழுதியது, பிறகு அதையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியானால் அந்த மருந்து நல்லது என்றுதானே ஆகிறது?
– வாசகர், மதுரை

பதில்: ஆகாது. 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,000 நோயாளிகளின் விவரம் என்ற பெயரில் அந்தக் கட்டுரை 2020 மே 22 அன்று வெளியானது. உலக சுகாதார நிறுவனம் தனது பரிசோதனையில் அம்மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைத்தது. ஆனால், ஆஸ்திரேலியாவில் அன்றுவரை அரசு பதிவு செய்திருந்த மொத்தச் சாவுகளைவிடக் கட்டுரையில் அந்நாட்டுச் சாவுகள் அதிகமாக இருப்பதை வெளியிலிருந்தவர்கள் கவனித்தார்கள். தரவுகளைத் திரட்டியதாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலத் தரவைத் தணிக்கைக்குத் தர மறுக்கவே, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுநாளே, மேலே சொன்ன ரெக்கவரி ஆய்வினர், முறையான குலுக்கல் பரிசோதனையில் இந்த மருந்தால் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பலனில்லை என்று அறிவித்தார்கள். சாட்சி பொய்த்தது, வழக்கு வேறு சாட்சியத்தால் தீர்ந்தது.

கேள்வி: கொரோனா தடுப்பூசிக்கு 95 சதவீதச் செயல்திறன் என்றால், போட்டுக்கொள்ளும் 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்று பொருளா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்த எண் ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியின் பரிசோதனையிலிருந்து வந்தது. முடிவைக் கணக்கிட எடுத்துக்கொண்டவர்களில் ஒவ்வொரு பிரிவிலும் 18,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஒரு பிரிவுக்குத் தடுப்பூசி, மற்றதற்கு வெறும் உப்புநீர். உப்புநீர் பெற்றவர்களில் 162 பேருக்கும் தடுப்பூசி பெற்றவர்களில் 8 பேருக்கும் நோய் வந்தது. தடுப்பூசி இல்லாவிட்டால் வந்திருக்கக்கூடிய நோயில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு தடுக்கப்பட்டது என்பதே பொருள். தடுப்பூசி பெற்றவர்களில் அந்தச் சில மாதங்களுக்குள் நோயுற்றவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வகை வைரஸ் பரவியபோது நடந்த பரிசோதனைகளின் எண்களைத் தேர்வு மதிப்பெண்போல வரிசைப்படுத்தி, கோவிஷீல்டா கோவாக்சினா என்று 2021-இல் பலர் காத்திருந்ததும் சரியல்ல.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 162-லும் 8-லும் எண்ணப்பட்டவர்கள் அறிகுறி தோன்றிப் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டுமே. அறிகுறியின்றித் தொற்று ஏற்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை; ஊசி போட்டுக்கொண்டவரும் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம் என்று 2021-இல் சொன்னது இதனால்தான்.