படகின் கழிவுத் தொட்டியை எதில் செய்தால் நல்லது?

படகுக் கழிவறைக்கு ஹோல்டிங் டேங்க், அதாவது கழிவைச் சேர்த்து வைக்கும் தொட்டி, வைக்கப் போகிறீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் காலத்துக்கும் உழைக்கும் என்று சிலர் சொல்ல, பிளாஸ்டிக்கை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நம்பலாம். சுவர் தடிமனாக உள்ள பாலிஎத்திலீன் தொட்டியையே வாங்குங்கள்.

நானும் முதலில் ஸ்டீல்தான் வைத்தேன். 316 கிரேடு, கடல் வேலைக்கென்றே உள்ளது. ஏழாவது வருடம் அடிப்பக்க வெல்டிங்கை ஒட்டி ஊசி முனையளவு துளை விழுந்துவிட்டது. படகுக்குள் நாற்றம் வந்தபோது குழாய்களைத்தான் சந்தேகப்பட்டேன். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் பட்டாலும் ஆக்சிஜன் கிடைத்தால் அது தானே மறுபடி உருவாகிவிடும். ஆனால் கழிவுத் தொட்டியின் அடியில் படியும் சகதிக்குள் ஆக்சிஜன் ஏது? கடல்நீரால் ஃபிளஷ் செய்தால் குளோரைடும் சேர்கிறது. அந்த நீரிலுள்ள சல்பேட்டை பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. இவ்வளவும் சேர்ந்து வெல்டிங் ஓரங்களை அரிக்கின்றன. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே குழி விழுந்துகொண்டிருக்கும். அலுமினியமும் இப்படித்தான் குழி விழும். சாதா இரும்பை யோசிக்கவே வேண்டாம்.

பாலிஎத்திலீனை இதெல்லாம் ஒன்றும் செய்யாது. ஆனால் மெல்லிய சுவர் கொண்டதை வாங்கிவிடாதீர்கள். 100 லிட்டர் என்றால் ஏறக்குறைய 100 கிலோ, அது ஒவ்வொரு அலைக்கும் உள்ளே மோதும். சுவர் உப்பி உப்பி அடங்கினால் முதலில் இணைப்புகள்தான் கசியும். நாளடைவில் நாற்றமும் சுவர் வழியே வரும். அதனால் 9, 10 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். குடிநீருக்கென்று செய்த மெல்லிய தொட்டி விலை குறைவு என்று இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. குழாய் இணைப்புகள் எங்கெங்கே, என்ன அளவில் வேண்டும் என்று முன்பே வரைந்து கொடுத்து, செய்யும் இடத்திலேயே வெல்டிங் செய்து வாங்குங்கள். எல்லாமே மேல்பக்கம் இருப்பது நல்லது. அடிவரை இறங்கும் ஒரு குழாயை உள்ளே வைத்தால் அதன் வழியாகவே உறிஞ்சி எடுத்துவிடலாம், கீழே ஓட்டை போட வேண்டியதில்லை. கிராஸ்லிங்க் வகை (மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட) பாலிஎத்திலீன் உறுதியானதுதான், ஆனால் பின்னால் விரிசல் விட்டால் வெல்டிங் செய்ய முடியாது. சாதாரண வகையில் முடியும்.

ஃபைபர்கிளாஸ் தொட்டியை படகின் வளைவுக்கு ஏற்பச் செய்துகொள்ளலாம். உள்பூச்சில் திறமையும் பொறுமையும் உள்ளவர் கிடைத்தால் சரி. மடக்கக்கூடிய ரப்பர் பை உரசி உரசி ஓட்டையாகும், சீக்கிரம் நாறும். அவசரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் காற்றுக்குழாய். நல்ல தொட்டி வைத்தும் நாறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒல்லியான நீளக் குழாயில் காற்று உள்ளே போகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள்தான் அந்த அழுகிய முட்டை வாடையை உண்டாக்குகின்றன. 25 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 38 மி.மீ. குழாயைக் குட்டையாகவும் தொய்வில்லாமலும் போடுங்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்து, படகின் வாசல் வழியாக உள்ளே இறக்கிப் பாருங்கள். இடத்துக்குப் பொருந்தினாலும் வாசலில் நுழையாத தொட்டிகள் உண்டு.