பகிர்ந்தவர்கள் ஏன் ஏரிக்கரைக்கு வரவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் கட்டடக் கழிவு கொட்டப்படுவதைக் காட்டி, தோழிகளும் நானும் இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட காணொளியை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தனர். ஞாயிறன்று ஏரிக்கரையில் கூடலாம் என்று அழைத்தபோது ஏழு பேரே வந்தனர். 2017இல் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் நடந்தது எங்களுக்கு ஏன் கைகூடவில்லை?
– கல்லூரி மாணவி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, வந்த ஏழு பேரை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. அலங்காநல்லூரில் போராடியவர்கள் கைதான செய்தி ஜனவரி 17 அன்று வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரவி மெரினாவுக்கு ஆள் சேர்த்தது உண்மைதான். ஆனால் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது 2014 மே மாதத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் மாடு வளர்ப்போரும் ஊர்க்காரர்களும் அந்தக் கோரிக்கையைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான், கைப்பேசியில் வந்த அழைப்புக்கு அவ்வளவு பேர் எழுந்து வந்தார்கள்.

தெருவிளக்குகள் அணைந்த இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, போக்குவரத்தைத் தாமே ஒழுங்குபடுத்தி, கடற்கரைக் குப்பையைத் தாமே அள்ளிய அந்த இளைஞர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமிதம் உண்டு. எனினும், 21ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்ததும், கலைவதா, நிரந்தரச் சட்டம் வரும்வரை இருப்பதா என்று எல்லோரும் ஏற்கும்படி சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தலைமை இல்லாததால் எந்தக் கட்சியாலும் போராட்டத்தைத் தன்வசப்படுத்த முடியவில்லை. அதே காரணத்தால் அரசுடன் உட்கார்ந்து பேசவும் ஆளில்லாமல் போயிற்று. 23ஆம் தேதி காலையில் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. அன்று மூண்ட வன்முறையில் நடுக்குப்பம் மீன் சந்தை தீக்கிரையானது. சட்ட முன்வடிவு பேரவையில் நிறைவேறியது அன்று மாலையில்தான்.

ஆகவே, அடுத்த காணொளிக்கு முன் ஏழு பேரும் உட்கார்ந்து, அதிகாரியிடம் யார் பேசுவது, இன்ஸ்டாகிராம் கணக்கை யார் வைத்திருப்பது, கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுப்பது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்று கண்டறியுங்கள்: 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில், ஏரியின் பரப்பு, எல்லை, ஆக்கிரமிப்பு விவரங்களை எழுத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கழிவு கொட்டும் லாரியின் எண்ணையும் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கூட வருபவர்களின் முகத்தை, குறிப்பாக வீட்டில் சொல்லாமல் வரும் பெண்களின் முகத்தை, அவர்களைக் கேட்காமல் பதிவிடாதீர்கள்.

குடியரசு நாள், காந்தி பிறந்த நாள் போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில், ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் பேசலாம். இரண்டாவது காணொளியை அதற்கு முந்தைய வாரம் வெளியிடுங்கள். கூட்டம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன தீர்மானம் கேட்கப்போகிறீர்கள் என்பதை அதில் சொல்லுங்கள்.