உதவிக் கருவித் தொழிலுக்குப் போக விரும்பும் மகள்: வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கருவி செய்து விற்கும் கம்பனி தொடங்குவேன் என்று நிற்கிறாள். அவளுடைய அப்பாவோ கணக்கியல் படி, இல்லாவிட்டால் அவுஸ்திரேலியாவுக்குப் போ என்கிறார். "இது தொழிலா, தருமமா? என் பிள்ளை பிழைத்துக்கொள்வாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொழில்தான். அவளுடைய ஆயுளுக்கும் வேலை இருக்கிற துறை. ஆனால் புதுக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுக் கம்பனி தொடங்குவது என்ற அவளுடைய திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே இருக்கிற கருவிகளை ஆளுக்கேற்றபடி பொருத்தவும் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் முதலில் பழகட்டும். கண்டுபிடிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

தேவை இருக்கிறதா என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். அதே கணக்கெடுப்பில், 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் பதிவானது. அதற்குப் பிறகு முதியவர்களின் பங்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவை என்றும் 2050இல் அது 350 கோடியாகும் என்றும் சொல்கிறது. மூக்குக் கண்ணாடியும் அந்தக் கணக்கில் அடக்கம். எனவே நம் வீடுகளில் இதற்கு வெளியே நிற்பவர்கள் அதிகமில்லை.

பாடசாலைப் போட்டிக்காக மகள் செய்த, ஒலியலையால் தடையை உணரும் ஊன்றுகோலைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். அதே எண்ணத்தில் டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான 'ஸ்மார்ட்கேன்' கருவியின் கதையை அவள் தேடிப் படிக்கட்டும். சாதாரண வெள்ளைக் கோல் நிலத்தில் கிடக்கும் தடையைக் கண்டுபிடித்துவிடும். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் லொறிப் பலகை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, கடைச் சாய்ப்பின் கம்பி ஆகியவை அதற்கு அகப்படாது. அந்தக் குறையைத்தான் ஸ்மார்ட்கேன் பிடித்தது. மூன்று மீற்றர் தூரம்வரை உணர்ந்து, கைப்பிடியின் அதிர்வால் தெரியப்படுத்துகிறது. மாணவர்களின் மேசையில் பிறந்த எண்ணம் 2014இல் சந்தைக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டுகள் எடுத்தன. பார்வையற்றவர்கள் கையில் கொடுத்து நடக்கவிட்டுத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். உற்பத்திக்குச் சென்னையிலுள்ள மருத்துவக் கருவி நிறுவனமொன்றுடன் சேர்ந்தார்கள். உணரியும் அதிர்வு மோட்டாரும் புறக்கோட்டையிலும் வாங்கலாம். அந்தப் பத்து ஆண்டுப் பொறுமையைத்தான் மகள் தேடிக்கொள்ள வேண்டும்.

சரி, பழுதுபார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தொடர்மாடியிலேயே ஆரம்பிப்போம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று சக்கர நாற்காலியின் பெயரிங்குகளை அரித்துவிடும். முன் சில்லு இறுகினால் தள்ளுகிறவருக்கு முதுகுவலி, இருக்கிறவருக்குப் பயம். பிறகு நாற்காலி பல்கனியில் துணி காயப்போடும் இடமாகிவிடும். டயர் போனால் சைக்கிள் கடையில் 24 அங்குலம் என்று கேட்டு வாங்கிவந்து பார்ப்பார்கள், உட்காராது. பல சக்கர நாற்காலிகளில் ரிம்மின் விட்டம் 540 மில்லிமீற்றர். மலைச் சைக்கிளின் 24 அங்குல ரிம் 507 மில்லிமீற்றர்தான். இரண்டுக்கும் பெயர் ஒன்று, அளவு வேறு. இதைத் தெரிந்து, சரியான டயரைக் கையிருப்பில் வைத்திருந்து, வீட்டுக்கே வந்து மாட்டிக்கொடுக்கும் ஆளை நாலு குடும்பங்கள் அறிந்தால் நாற்பது குடும்பங்கள் தேடிவரும்.

பொருத்துவது இன்னும் பெரிய விஷயம். இருக்கை அகலம் கூடினால் முதியவர் ஒரு பக்கம் சாய்ந்து முதுகு வளைந்துவிடும். கால்மிதி உயரமாக இருந்தால் உடம்புப் பாரம் முழுக்கப் பின்பக்கத்தில் இறங்கிப் புண் வைக்கும். நீரிழிவும் இருந்தால் அந்தப் புண் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலி கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்தது. ஆளை அளந்து மதிப்பிடுவது, பொருத்திப் பார்ப்பது, பாவிக்கப் பழக்குவது, பிறகு பராமரிப்பது எல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது ஒரே படி: பெட்டியைப் பிரித்துக் கொடுத்து, படம் எடுப்பது. இந்த இடைவெளிதான் உங்கள் மகளின் தொழில்.

கேட்கும் கருவியும் அப்படித்தான். அதன் துத்தநாக-வளி பற்றரியில் ஒட்டியிருக்கும் சிறு தாளை உரித்துவிட்டால், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேயிருக்கும். இதை யாரும் சொல்லிக்கொடுக்காததால் எத்தனை அப்பம்மாக்களின் கருவிகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன!

படிப்புக்கு வருகிறேன். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் பட்டம் இருக்கிறது. அதை மட்டுமே பிடித்துத் தொங்க வேண்டாம் என்பேன். இலத்திரனியலோ இயந்திரவியலோ கிடைத்தாலும் இதே வேலைக்கு வரலாம், கம்பனி சரிவராவிட்டாலும் கையில் அகலமான தொழில் இருக்கும். அங்கேயே உள்ள வடிவமைப்புப் பட்டப்படிப்பை எங்கள் பிள்ளைகள் பலர் கவனிப்பதில்லை. அதற்குத் தனி உளச்சார்புப் பரீட்சை உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் தகுதிகளைப் பார்த்து, திகதியைத் தவறவிடாமல் விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி குறைந்தால் றாகமையை நினைவில் வையுங்கள். 2004இல் தொடங்கிய செயற்கை அவயவப் பயிற்சிப் பாடசாலை அங்கேதான் இருக்கிறது, மூன்று வருட டிப்ளோமா. செயற்கைக் கால் செய்யத் தெரிந்த பெண்ணுக்கு இந்த நாட்டில் வேலைப் பஞ்சம் வராது. யுத்தமும் கண்ணிவெடியும் நீரிழிவும் விட்டுச்சென்ற தேவை இன்னும் முடியவில்லை. அவுஸ்திரேலியாவை இப்போது ஒத்திவையுங்கள். இங்குள்ள மனிதர்களோடு வேலை செய்துவிட்டு முதுமாணிக்குப் போனால், அங்கே எதைக் கற்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

மொழியும் இதில் ஒரு வேலைதான். பாரிசவாதத்தால் பேச்சை இழந்தவருக்குப் படம் தொட்டுப் பேசும் செயலி உதவும். வெளிநாட்டுச் செயலியில் சாப்பாட்டுக்குப் பர்கர் படம் இருக்கும். நம்முடைய ஐயாவுக்குப் பாணும் இடியப்பமும் பிளேன்ரீயும் வேண்டும், அதைச் சொல்ல ஒரு தமிழ்க் குரல் வேண்டும், தாதியிடம் சொல்ல ஒரு சிங்களக் குரலும் வேண்டும். கணினி படித்த தோழியோ கலைப்பிரிவுத் தோழியோ மகளுக்கு இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கம்பனியில் மாற்றுத்திறனாளி ஒருவர் பங்காளியாக இருக்க வேண்டும். கடைசியில் சோதித்துப் பார்க்க மட்டும் கூப்பிடுவது போதாது. கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள். உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் இலவசமாகப் பாவிக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை 2006இல் தொடங்கிய மைக்கல் கரன், அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டே இருவருமே பார்வையற்ற அவுஸ்திரேலியர்கள். அந்த மென்பொருள் நிலைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

அவளுடைய அப்பாவுக்கு இரண்டு விஷயம். பணம் யார் தருவார் என்று கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. கொழும்பில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நாற்காலியையும் குளியலறைக் கைபிடியையும் கேட்கும் கருவியையும் பார்த்து, படத்தோடு அறிக்கை அனுப்பும் சேவைக்கு அவர்கள் பணம் தருவார்கள். வசதியில்லாத குடும்பங்களுக்குச் சேவையை மலிவாகச் செய்ய அந்த வருமானம் இடம் கொடுக்கும். இரண்டாவது, அவளே கருவி செய்து விற்கும் காலம் வரும்போது சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவக் கருவிகள் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவாக வேண்டும். தன் கருவி அந்த வகைக்குள் வருமா என்று முதலே அங்கே கேட்கட்டும். புதிய நுட்பமென்றால், கண்காட்சியில் எல்லாவற்றையும் விளக்குவதற்கு முன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். கணக்கு வைக்கத் தெரிந்த அப்பா வீட்டில் இருப்பது இந்தப் பிள்ளைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

பெறுபேறு வரும்வரை அவள் சும்மா இருக்க வேண்டாம். பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் அனுமதி கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் போகட்டும். எந்தக் கருவி யாரிடம் இருக்கிறது, ஏன் பாவிக்கவில்லை, கதவு எத்தனை சென்ரிமீற்றர், ஊன்றுகோலின் நுனி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். நடக்கவைப்பேன், கேட்கவைப்பேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அப்பா பணம் போட விரும்பினால், இப்போதைக்குக் கம்பனிப் பதிவுக்குப் போட வேண்டாம். ஒரு ஸ்பனர் செற், நுனி ரப்பர்கள், இரண்டு மூன்று டயர், ட்யூப் வாங்கிக் கொடுக்கட்டும். பெறுபேறு வந்ததும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக வாருங்கள். விண்ணப்பப் படிவத்தில் பாடநெறிகளை எந்த ஒழுங்கில் போடுவது என்று அதைப் பார்த்துத் தீர்மானிப்போம்.