‘குவாய் தாவ் ல’ என்றால் சரக்கு வந்துவிட்டதா?

கேள்வி: ஆயத்த ஆடைகளுக்கான பொத்தான், ஜிப் போன்றவற்றைச் சீனாவின் யீவூ நகரிலிருந்து வரவழைக்கிறேன். ஆறு மாதமாகச் சீன மொழியும் படித்து வருகிறேன். ‘ல’ என்ற சொல் வந்தால் இறந்தகாலம் என்று குறித்து வைத்திருந்தேன். அண்மையில் முகவரிடமிருந்து ‘ஹுவோ குவாய் தாவ் ல’ என்று செய்தி வந்தது. சரக்கு வந்துவிட்டது என்று நம்பிக் கிடங்குக்கு வண்டி அனுப்பினேன். வெறும் வண்டியாகத் திரும்பியது. இந்தச் சொல்லை எப்படித்தான் புரிந்துகொள்வது? – திருப்பூர் வாசகர்.

பதில்: உங்கள் முகவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ‘ஹுவோ’ என்றால் சரக்கு, ‘தாவ்’ என்றால் வந்து சேர்தல், ‘குவாய்’ என்றால் விரைவு. ‘சரக்கு சீக்கிரமே வந்துவிடும்’ என்பதுதான் அவர் சொன்னது. உங்களைத் தடுமாற வைத்தது அந்த இறந்தகாலக் குறிப்பு. அதை இன்றே அடித்துவிடுங்கள். சீன மொழி வினைச்சொற்களில் காலம் காட்டும் உறுப்பே கிடையாது. நேற்று, நாளை போன்ற சொற்களும் பேசும் சூழலுமே காலத்தைச் சொல்லும்.

அப்படியானால் ‘ல’ என்ன செய்கிறது? தமிழர்களுக்கு இதைச் சொல்லித்தருவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் நம்மிடம் ‘விடு’ இருக்கிறது. ‘வந்துவிட்டது’, ‘வந்துவிடும்’ இரண்டையும் பாருங்கள். காலம் மாறினாலும் ‘விடு’ மாறவில்லை. செயல் முழுமை பெறுகிறது, நிலைமை மாறுகிறது என்பதே அதன் செய்தி. ‘ல’வின் வேலையும் ஏறக்குறைய அதுதான். பிறப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ‘விடு’ தனி வினையாக இருந்து துணைவினை ஆனதுபோல, ‘முடித்தல்’ என்று பொருள்படும் ‘லியாவ்’ என்ற வினையே தேய்ந்து ‘ல’ ஆனது. இரண்டே கோடுகளில் எழுதும் அதே எழுத்துத்தான் இரண்டுக்கும். சீன மொழியில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான நான்கு தொனிகளில் எதுவும் ஏறாமல், வாயை அதிகம் திறக்காமல், சட்டென்று சொல்லி முடிக்க வேண்டிய ஒலி இது.

சீனாவில் ஒரு சிறிய நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து, பரிமாறுபவரை அழைத்துப் பாருங்கள். ‘லாய் ல, லாய் ல!’ என்று உள்ளேயிருந்து குரல் வரும். ‘லாய்’ என்றால் வருதல். ஆள் இன்னும் அடுப்படியை விட்டு நகர்ந்திருக்கமாட்டார். நம் கடைகளிலும் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுப்பவர் அப்போது வந்திருப்பதில்லையே! நாம் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். ‘மேய் யோ’ என்றால் இல்லை. ‘மேய் யோ ல’ என்றால் இருந்தது, தீர்ந்துவிட்டது. நீங்கள் கேட்ட நிறத்துப் பொத்தானுக்கு முதல் பதில் வந்தால், அது அவரிடம் இல்லை என்பதோடு சரி. இரண்டாவது பதில் வந்தால், மறுபடி எப்போது வரும் என்று கேட்பதில் பயன் உண்டு. ‘பூ யாவ்’, ‘பூ யாவ் ல’ இரண்டிலும் இன்னும் கவனம் தேவை. புதிதாக ஒரு பொருளைக் காட்டினால் ‘பூ யாவ்’ என்று மறுக்கலாம், வேண்டாம் என்று பொருள். ஏற்கெனவே கேட்டிருந்த பொருளைப் பற்றிய பேச்சில் ‘பூ யாவ் ல’ என்றால், ‘முன்பு கேட்டேன், இப்போது வேண்டாம்’ என்றாகிவிடும். அந்த ஓர் அசையில் உங்கள் ஆர்டரே ரத்தாகக்கூடும். விலை பேசும்போது காதில் விழும் ‘தாய் குவெய் ல’வில் மட்டும் எந்த மாற்றத்தையும் தேடாதீர்கள். ‘விலை மிக அதிகம்’ என்று அழுத்திச் சொல்லும் வழக்கு அது, அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எதிர்மறையில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். ‘சரக்கு வந்துவிட்டது’ என்பதற்கு மறுப்பு ‘வரவில்லை’தான், ‘வந்துவிடவில்லை’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில்லை. சீனத்திலும் ‘தாவ் ல’ என்பதற்கு மறுப்பு ‘மேய் தாவ்’. ‘மேய்’ வந்ததும் பெரும்பாலும் ‘ல’ விலகிவிடும்.

தமிழ் காலை வாரும் இடமும் ஒன்று உண்டு, என் மாணவர்களில் பலர் வழுக்குவது இங்கேதான். ‘நேற்று எனக்கு நிறைய வேலை இருந்தது’ என்பதில் ‘இருந்தது’ வருகிறதே என்று கடைசியில் ‘ல’வை ஒட்டுகிறார்கள். ‘சுவோதியென் வோ ஹென் மாங்’ (நேற்று – நான் – மிகவும் – வேலை மும்முரம்) என்பதோடு வாக்கியம் முடிந்துவிட்டது. அது நேற்றைய நிலையைச் சொல்வது, எந்த மாற்றத்தையும் சொல்லவில்லை. அங்கே ‘ல’வுக்கு வேலை இல்லை. ‘வோ லாவ் ல’ என்பதில் வேலை இருக்கிறது: ‘எனக்கு வயதாகிவிட்டது’. அது மாற்றம்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ல’ வருவதும் உண்டு. ‘வோ ஷுவே ல சான் நியென்’ என்றால் ‘மூன்று ஆண்டு படித்தேன்’. இப்போது படிக்கிறேனா என்பது தெரியாது. கடைசியில் இன்னொரு ‘ல’ சேர்த்தால், இன்றோடு மூன்று ஆண்டு ஆகிவிட்டது என்ற பொருள் வந்து சேரும். படிப்பு இன்னும் தொடர்கிறது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்த முறை முகவரின் செய்தி வரும்போது வாக்கியத்தின் கடைசிக்கு ஓடாதீர்கள், வினைக்கு முன்னால் பாருங்கள். அங்கே ‘குவாய்’ இருந்தால் சரக்கு இன்னும் வழியில்தான். ஐயம் இருந்தால் ‘ஹுவோ தாவ் ல மேய் யோ?’ என்று கேளுங்கள், ‘சரக்கு வந்துவிட்டதா, இல்லையா?’ என்று பொருள். ‘ஹாய் மேய்’ என்று பதில் வந்தால் இன்னும் இல்லை. வெறும் ‘தாவ் ல’ என்று வந்தால் வண்டியை அனுப்புங்கள்.