மைதானத்துக் கேள்விகள்: அந்த ஒரு டீமிடம் மட்டும் ஏன் நசுங்குகிறோம்?

கேள்வி: சார், சென்னை ஃபுட்பால் லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடுகிறோம். மற்ற டீம்களிடம் ஜெயிக்கிறோம், இல்லாவிட்டால் டிராவாவது செய்துவிடுகிறோம், பாஸிங்கில் எங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் டிவிஷனில் ஒரு டீம் இருக்கிறது, அவர்களிடம் மட்டும் இரண்டு சீசனாக அடி வாங்குகிறோம். ஒரு பாலைக்கூட நிம்மதியாக எடுக்க விடுவதில்லை, தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்களில் நாலைந்து பேர்தான் எங்களைவிடப் பெரிய உருவம். அடுத்த சீசனுக்குப் பயில்வான் மாதிரி ஆட்களாகப் பார்த்து எடுத்துவிடலாமா?
(ஒரு கேப்டன், பெரம்பூர்)

பதில்: எடுக்க வேண்டாம் தம்பி. நாலைந்து பேர்தான் பெரிய உருவம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மிச்சம் ஆறேழு பேரிடமும் ஏன் தோற்கிறீர்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

இரண்டு பேர் மோதும்போது எடையும் வேகமும் சேர்ந்துதான் வேலை செய்யும். 75 கிலோ ஆள் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்தால் பெருக்கிப் பாருங்கள், 300. 60 கிலோ பையன் 6 மீட்டர் வேகத்தில் வந்தால் 360. நின்றுகொண்டிருப்பவனுக்கு இந்தக் கணக்கு பூஜ்யம், அவன் எத்தனை கிலோ இருந்தாலும் சரி. 2010 உலகக் கோப்பை அரையிறுதி ஞாபகமிருக்கும், டர்பனில் ஸ்பெயினும் ஜெர்மனியும். ஜெர்மனியின் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசை நடுவில் நின்று தடுப்பவர், மெர்டசாக்கர் 198 செ.மீ. உயரம், ஸ்பெயின் நடுக்களத்தில் சாவியும் இனியெஸ்டாவும் 170, 171 என்று இருந்தவர்கள். அந்த மேட்சில் விழுந்த ஒரே கோல் ஹெட்டர், அதுவும் ஸ்பெயினுடையது. 73-வது நிமிடம் சாவி கார்னர் போட, 178 செ.மீ. உயரமுள்ள புயோல் தூரத்திலிருந்து ஓட்டமெடுத்து வந்து எழும்பி, எல்லார் தலைக்கும் மேலே போய் முட்டினார். கிடைத்தால் அந்த கோலை மறுபடி பாருங்கள், அவர் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

உங்கள் மேட்சில் இது தலைகீழாக நடக்கிறது என்பது என் கணிப்பு. எதிரணி கோல்கீப்பர் நீளமாக அடிக்கிறார், பால் மேலே இருக்கிறது, உங்கள் ஸ்டாப்பர் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் பாலைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஆள் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, பால் இறங்குவதற்கு ஒரு விநாடி முன்பே அவருக்கும் பாலுக்கும் நடுவில் ஒரு காலைக் கொண்டுவந்து வைத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்திக்கொள்கிறார். அதோடு அந்த பாலின் கதை முடிந்தது. அப்புறம் தோள் படுவது, விழுவதெல்லாம் வெளியே நிற்பவர்களுக்குத் தெரிகிற காட்சி மட்டும்தான். எலெக்ட்ரிக் டிரெயினில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்கள் ஒரு காலை முன்னே ஒரு காலைப் பின்னே வைத்து முட்டியைத் தளர்த்தி நிற்பார்கள் இல்லையா, பாலை வாங்கும்போது உடம்பு அப்படி இருக்க வேண்டும். ‘பாடி போடுறது’ என்று நம் மைதானங்களில் சொல்வதில் முக்கால்வாசி இந்தக் கால் வைப்புதான்.

ஒன்று செய்யுங்கள். அடுத்த மேட்சை யாராவது ஓர் ஆள் மேலே உட்கார்ந்து மொபைலில் எடுக்கட்டும். பால் காற்றில் இருக்கும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, உங்கள் பசங்களின் பாதங்களைப் பாருங்கள், பிறகு அவர்களுக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் கடைசி பேக்குக்கும் நடுவில் பாதி மைதானத்துக்கு மேல் இருந்தால், முதல் பாலை உங்கள் ஆள் ஜெயித்தாலும் செகண்ட் பால், அதாவது அந்த மோதலில் சிதறி விழும் பால், அவர்களுக்குத்தான், ஏனென்றால் அது விழும் இடத்தில் உங்கள் ஆள் ஒருத்தன், அவர்கள் மூன்று பேர். ஒருத்தனை மூன்று பேர் தள்ளினால் அவன் பலவீனமானவன் என்று சொல்வது நியாயமில்லை. முப்பது, முப்பத்தைந்து மீட்டருக்குள் டீம் முழுவதும் சுருங்கி ஏறி இறங்கப் பழகினாலே பாதி அமுக்கல் குறைந்துவிடும்.

பாஸிங்கில் குறையில்லை என்கிறீர்கள். அவர்கள் நெருக்கும்போதும் குறையில்லையா? ஃபர்ஸ்ட் டச்சில், அதாவது பாலை வாங்கும் முதல் தொடுதலிலேயே, பால் காலை விட்டு ஒரு மீட்டர் தள்ளிப் போனால், உங்கள் பாலாக இருந்தது இரண்டு பேருக்கும் பொதுவான பாலாகிவிடும், மோதலை நீங்களே வரவழைத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம். ஒரே டிவிஷனில் வருஷா வருஷம் மோதும் டீமுக்கு இதெல்லாம் அத்துப்படி. உங்களில் யாருக்கு இடது கால் வராது, யாரை ஆரம்பத்திலேயே இரண்டு முறை இடித்தால் அதற்கப்புறம் பாலைக் கேட்கவே மாட்டான் என்று அவர்கள் குறித்து வைத்திருப்பார்கள். மற்ற டீம்கள் உங்களை ஆட விடுகின்றன, இவர்கள் விடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பலம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. லீக் ஆரம்பித்ததும் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு மேட்ச் ஆடுவதே போதும் என்று விட்டுவிடுவதை நான் பல கிளப்களில் பார்க்கிறேன், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சீசனுக்கு முன் வாரம் இரண்டு நாள், சீசனில் வாரம் ஒரு நாள், விடாமல் செய்தால் போதும். ஜிம்முக்குக் கட்டப் பணம் இல்லையா, மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்கி, ஒற்றைக்கால் பஸ்கி, தண்டால், தொங்கி இழுப்பது. தொடையின் பின்தசைக்கு ஒருவன் மண்டியிட, இன்னொருவன் அவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்ந்து இறங்குவது. முதல் ஆறு, எட்டு வாரத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் தசையை முழுசாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது, அதனால் உருவம் பெருக்காமலேயே வித்தியாசம் தெரியும். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது, 15 பயிற்சி, இருபது நிமிடம், இந்த மண்டியிடுவதும் அதில் உண்டு, பைசா செலவில்லை, காயங்களைக் குறைக்கிறது என்று ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். பயிற்சிக்கு முன்னால் அதையே செய்யுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள், அமுக்கல் எந்த நிமிடத்தில் ஆரம்பிக்கிறது? இடைவேளைக்கு அப்புறம்தான் என்றால் பிரச்சினை உருவமே கிடையாது. நம் ஊர் வெயிலில், கடல் காற்றின் புழுக்கத்தில், 60 கிலோ பையனுக்கு 1.2 கிலோ வியர்வையாகப் போனால் அது உடம்பு எடையில் 2 சதவீதம், அந்த அளவிலேயே ஓட்டமும் கவனமும் இறங்க ஆரம்பிக்கும். மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து, ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு மேட்சுக்கு வருகிற பசங்க வடசென்னை டீம்களில் எத்தனையோ பேர். அவர்களை ‘உனக்கு உடம்பில் சத்தே இல்லை’ என்று திட்டுவது கொடுமை. புது ஜெர்ஸிக்கு வசூல் செய்கிறோம், சரிதான், அதே வசூலில் மேட்ச் அன்றைக்கு எல்லாருக்கும் இட்லி, முட்டை, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் என்று ஏற்பாடு செய்தால் அந்தக் கடைசி இருபது நிமிடம் வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: தோளோடு தோள் இடித்தால் ஃபவுல் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் இடிக்கலாமா?
(ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: முடியாது. பால் இருவரும் ஆடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும், தோள் தோளில் பட வேண்டும், கவனமில்லாமலோ முரட்டுத்தனமாகவோ இருக்கக் கூடாது. அளவு மீறிய பலத்தோடு இடித்தால் சிவப்பு அட்டை வரைக்கும் போகும். முதுகில் இடிப்பது, கையால் தள்ளுவது, சட்டையைப் பிடிப்பது எல்லாமே ஃபவுல்தான். அதே நேரம், பாலைக் காலடியில் வைத்து முதுகால் மறைத்து நிற்பவரையும் முறையாக, தோளோடு தோள், இடிக்கலாம், அவர் மறைக்கிறார் என்பதற்காக விசில் வராது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ரெஃப்ரியிடம் சண்டைக்குப் போகிறார்கள், அதற்குள் எதிரணி கோல் வரைக்கும் போய்விடுகிறது. விசில் கேட்கும்வரை ஆடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறாள். அங்கே அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில், ‘எங்கள் டீமை டிவிஷன்காரர்களே நசுக்கிவிட்டார்கள்’ என்று மாப்பிள்ளை புலம்புகிறார். எல்லாருமே மலை மாதிரி இருக்கிறார்களே, இதில் யார் யாரை நசுக்குவது?
(ஒரு வாசகர், நங்கநல்லூர்)

பதில்: அது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஆடும் வேறு ஆட்டம், ஆனாலும் கேள்வி முதல் கேள்விக்குச் சொந்தம்தான். அங்கே என்.எஃப்.எல். என்ற லீக்கில் 32 டீம், எட்டு டிவிஷன், டிவிஷனுக்கு நான்கு. டிவிஷனில் உள்ள மூன்று எதிரிகளோடும் சீசனுக்கு இரண்டு முறை ஆடியாக வேண்டும், மொத்தம் 17 மேட்சில் ஆறு அப்படிப் போய்விடும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் பால்டிமோர் ரேவன்ஸும் ஒரே டிவிஷன், அவர்கள் மோதுவது எப்போதுமே இடியும் முட்டலுமாகத்தான் இருக்கும். அதனால் ஆள் எடுக்கும்போதே அந்த மூன்று பேரைத் தாங்குவானா என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் பந்தை நகர்த்தும் அணிக்கு முன்வரிசையில் ஐந்து பேர், ஒவ்வொருத்தரும் ஏறக்குறைய 140 கிலோ. எடை இரு பக்கமும் அதிகம் என்பதால், யார் தாழ இருக்கிறார்கள், யார் முதல் அடியை முன்னே எடுத்து வைக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்து மேல்நோக்கித் தள்ளினால் மலையும் பின்னால் நகரும். ஐந்தில் ஒருவருக்குக் காயம்பட்டு, அவர் இடத்தில் பழக்கமில்லாத ஒருவர் வந்தாலும் போதும், அந்த ஓட்டை வழியாகவே எதிரணி திரும்பத் திரும்ப வரும். மாப்பிள்ளையின் டீமில் முன்வரிசையில் யார் யார் ஆடவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, எடை 45 கிலோ. நன்றாக ஆடுகிறான், ஆனால் சின்ன உருவம் என்று பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். புரோட்டீன் பவுடர் வாங்கித் தரலாமா, ஜிம்முக்கு அனுப்பலாமா?
(ஒரு தாய், ராயபுரம்)

பதில்: அம்மா, இந்த வயதில் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை வந்திருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள், கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். சீக்கிரம் வளர்ந்தவன் இன்றைக்கு எல்லாரையும் தள்ளிவிடுவான், மூன்று வருடத்தில் மற்றவர்களும் அந்த உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் சின்னப் பையனை பெஞ்சிலேயே வைத்து ஆட்டத்தை வெறுக்க வைப்பதுதான் பெரிய நஷ்டம். பயிற்சியாளரிடம் இதைத் தயங்காமல் பேசுங்கள், இந்த வயதில் அவனுக்கு ஆடும் நிமிடங்கள்தான் வேண்டும்.

பவுடர் வேண்டாம். கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம் என்று வைத்தால் அவனுக்கு நாளைக்கு எழுபது கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது, மத்தி, நெத்திலி விலையும் குறைவு. அதோடு கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, ஒரு டம்ளர் பால், இதில் எல்லாம் அடங்கிவிடும். சோற்றையும் குறைக்க வேண்டாம், ஓடுகிற பையனுக்கு அது வேண்டும்.

பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று பயப்படாதீர்கள், சொல்லித் தரத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, லேசான எடையில் முறையைப் பழக்கினால் நல்லதுதான். இப்போதைக்கு தண்டால், பஸ்கி, ஒற்றைக்காலில் நிற்பது, விழுந்து எழுவது போதும். சீக்கிரம் களைத்துப் போகிறான், முகம் வெளுத்திருக்கிறது என்று தோன்றினால் மட்டும் ஹீமோகுளோபின் டெஸ்ட் ஒருமுறை எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவு நம் பிள்ளைகளிடம் அதிகம், அது இருந்தால் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது.