வேலைத்தலத் திட்டத்தில் மின்சார சைக்கிள்: கேள்வி பதில்

பிரித்தானியாவில் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் ‘சைக்கிள் டு வேர்க்’ திட்டத்தின் கீழ் மின்சார சைக்கிள் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, சம்பளப் பட்டியல் தயாரிக்கும் தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் கீழே பதில் தருகிறேன்.

கேள்வி (ஹாரோ): 2,400 பவுண் சைக்கிளைக் கடையில் நேரே வாங்காமல் இத்திட்டத்தில் எடுத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

பதில்: நீங்கள் சைக்கிளை வாங்கவில்லை, வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனமோ, அதன் சார்பில் திட்டத்தை நடத்தும் இடைநிலை நிறுவனமோ சைக்கிளை வாங்கித் தர, அதன் வாடகை வரி கழிப்பதற்கு முந்திய சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. 12 மாத ஒப்பந்தம் என்றால் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே 200 பவுண் கழிவாகத் தெரியும். 20 சதவீத வருமான வரியும் 8 சதவீதத் தேசியக் காப்புறுதியும் (நேஷனல் இன்ஷூரன்ஸ்) கட்டுபவருக்குக் கைக்கு வரும் பணத்தில் குறைவது 144 பவுண்தான். ஆண்டுக்கு 672 பவுண் மிச்சம். ஆண்டுச் சம்பளத்தில் 50,270 பவுண் என்ற உயர்வரி வரம்பைத் தாண்டி இன்னும் 2,400 பவுணாவது சம்பாதிப்பவருக்கு, வரி 40 சதவீதமும் காப்புறுதி 2 சதவீதமும் ஆவதால், மிச்சம் 1,008 பவுண். ஸ்கொட்லாந்தில் வருமான வரி விகிதங்கள் வேறு. விளம்பரங்கள் இந்தத் தொகையோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் நிற்க வேண்டாம், அடுத்த பதிலையும் படியுங்கள்.

கேள்வி (குரோய்டன்): 12 மாதம் முடிந்ததும் சைக்கிள் எனக்கே சொந்தம் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: சரியல்ல. கடைசியில் உங்களுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அது வாடகையாக இராது, வரிச்சலுகையும் நிலைக்காது. ஆகவேதான் எவரும் அதை முன்கூட்டி உறுதியளிப்பதில்லை. வாடகைக் காலம் முடிந்தபின் சைக்கிளை நியாயமான சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்குக் குறைவாக வாங்கினால், குறைந்த தொகை உங்களுக்குக் கிடைத்த சலுகையாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். சந்தை விலையைக் கணிக்க வரித் திணைக்களமே ஓர் அட்டவணை தந்திருக்கிறது. 500 பவுணும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு ஓராண்டு முடிவில் 25 சதவீதம், இரண்டாண்டில் 17, மூன்றாண்டில் 12, நான்காண்டில் 7 சதவீதம்.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஓராண்டிலேயே 25 சதவீதம், அதாவது 600 பவுண் கொடுத்து வாங்கினால், அடிப்படை வரி கட்டுபவருக்கு அந்த 672 பவுணில் எஞ்சுவது வெறும் 72 பவுண். இத்தனை படிவம் நிரப்பியதற்கு அது கூலிகூட ஆகாது. இதைத் தவிர்க்கவே பல இடைநிலை நிறுவனங்கள் 7 சதவீதத்தை, இங்கே 168 பவுணை, வைப்புத் தொகையாகப் பெற்றுக்கொண்டு, மேலும் மூன்றாண்டுக்கு மாத வாடகையின்றிச் சைக்கிளை உங்களிடமே விட்டுவைத்து, நான்காம் ஆண்டு முடிவில் அந்த வைப்பையே விலையாக எடுத்துக்கொள்கின்றன. அப்படியானால் மிச்சம் 504 பவுண். கையொப்பமிடுமுன் உங்கள் மனிதவளப் பிரிவிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி மாதத் தவணை எவ்வளவு என்பதல்ல, முடிவில் என்ன நடக்கும் என்பதே.

கேள்வி (லெஸ்டர்): 1,000 பவுணுக்கு மேல் எடுக்க முடியாது என்கிறார்களே?

பதில்: அது பழைய கதை. 2019இல் அரசின் வழிகாட்டல் மாற்றப்பட்டபின், நிதிச் சேவைகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி பெற்ற இடைநிலை நிறுவனங்கள் வழியாக அதற்கு மேலும் எடுக்கலாம். மின்சார சைக்கிள்கள் இத்திட்டத்துக்குள் பெருமளவில் வர முடிந்தது அதனால்தான். எனினும் உங்கள் நிறுவனம் தானாக ஒரு வரம்பு வைத்திருக்கக்கூடும்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம், முதியோர் இல்லப் பணியாளர்): மணிக்கு 13.50 பவுண் சம்பளம், வாரம் 37.5 மணி நேரம். என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். பாரபட்சம் காட்டுகிறார்களா?

பதில்: இல்லை, சட்டம் அவர்கள் கையைக் கட்டியிருக்கிறது. கழிவுக்குப் பிந்திய சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது; 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் அது மணிக்கு 12.71 பவுண். உங்களுக்கு மணிக்கு 79 பென்ஸ் இடைவெளி, ஆண்டுக்குச் சுமார் 1,540 பவுண். 2,400 பவுண் அதற்குள் அடங்காது. இரண்டாண்டு வாடகைக்கு உங்கள் நிறுவனம் இணங்கினால் ஆண்டுக்கு 1,200 என்று அடங்கும், ஆனால் அடுத்த ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் உயரும்போது உங்கள் சம்பளமும் உயராவிட்டால் மீண்டும் சிக்கல்தான். வரிச்சலுகை அதிகம் தேவைப்படுபவருக்கே இத்திட்டம் எட்டாமல் இருப்பது இதன் பெருங்குறை என்பது என் கருத்து.

கேள்வி (டூட்டிங், செவிலியர்): என் ஓய்வூதியம் குறையுமா?

பதில்: குறையும், ஆனால் சிறிதளவே. தேசிய சுகாதார சேவையின் 2015 ஓய்வூதியத் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டுச் சம்பளத்தின் 54இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேர்கிறது. 2,400 பவுண் குறைந்தால், ஆண்டு ஓய்வூதியத்தில் ஏறக்குறைய 44 பவுண் குறையும். நீங்கள் கட்டும் பங்களிப்பும் அதற்கேற்பக் குறையும். தனியார் நிறுவனங்கள் சில, கழிவுக்கு முந்திய சம்பளத்தையே ஓய்வூதியக் கணக்குக்கு வைத்துக்கொள்கின்றன.

மகப்பேற்று விடுப்பை எதிர்பார்த்திருக்கும் ஒரு சகோதரியும் இதே போலக் கேட்டிருந்தார். அவருக்கு என் ஆலோசனை, பொறுத்திருங்கள் என்பதே. சட்டப்படியான மகப்பேற்றுக் கொடுப்பனவின் முதல் ஆறு வாரங்கள் சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதம். அந்தச் சராசரி கணிக்கப்படும் ஏறத்தாழ எட்டு வாரங்களில் மாதம் 200 பவுண் கழிந்துகொண்டிருந்தால், கொடுப்பனவில் ஏறக்குறைய 250 பவுண் போய்விடும்.

கேள்வி (லூட்டன்): சொந்தமாக டாக்சி ஓட்டுகிறேன். எனக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது; சம்பளம் பெறும் ஊழியருக்கே உரியது. தம் சொந்த லிமிடெட் நிறுவனத்தில் சம்பளம் பெறும் இயக்குநர் பயன்படுத்தலாம்.

கேள்வி (ரெய்னர்ஸ் லேன்): எந்த மின்சார சைக்கிளும் சரியா? ரயிலில் ஏற்றலாமா?

பதில்: சட்டம் சைக்கிளாக ஏற்கும் வண்டிக்கு மிதிகட்டை இருக்க வேண்டும், மோட்டார் தொடர்ந்து தரும் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், மணிக்கு 15.5 மைல் வேகத்தில் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். கைப்பிடியை முறுக்கினாலே முழு வேகத்தில் ஓடும் வண்டி அநேகமாக மோட்டார் சைக்கிள் வகையில் சேர்ந்து, உரிமமும் காப்புறுதியும் கேட்கும். ரயிலைப் பொறுத்தவரை, உங்கள் நிலையத்திலேயே 2025 பெப்ரவரியில் ஒரு மின்சார சைக்கிள் தீப்பிடித்ததை அறிந்திருப்பீர்கள். அதற்கடுத்த மாத இறுதியிலிருந்து, மடிக்காத மின்சார சைக்கிள்களுக்கு லண்டன் பாதாள ரயிலிலும் எலிசபெத் லைனிலும் தடை. நிலையம் வரை ஓட்டிச் சென்று பூட்டிவிட்டு ரயிலேறலாம். பயணத்தின் அந்தப் பகுதியும் வேலைப் பயணமாகவே கணிக்கப்படும். சைக்கிளின் பயன்பாட்டில் பாதிக்கு மேல் வேலைப் பயணமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, அதற்காக மைல் கணக்கு எழுதி வைக்க வேண்டியதில்லை.

கேள்வி (பர்மிங்காம்): இடையில் வேலையை விட்டாலோ, சைக்கிள் திருட்டுப் போனாலோ?

பதில்: வேலையை விட்டால் மீதி வாடகை உங்கள் கடைசிச் சம்பளத்தில், வரி கழித்தபின் பிடிக்கப்படும், அந்தப் பகுதிக்குச் சலுகை இல்லை. திருட்டுப் போனாலும் பொதுவாக வாடகை நிற்காது. வீட்டுக் காப்புறுதியில் தனிப்பொருள் ஒன்றுக்கு எவ்வளவு வரை ஈடு என்பதையும், வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்திருக்கும்போது அது செல்லுமா என்பதையும் பார்த்துவிட்டு, போதாதெனில் தனிக் காப்புறுதி எடுங்கள். நல்ல பூட்டின் விலையையும், தலைக்கவசம், விளக்கு ஆகியவற்றின் விலையையும் இதே திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.