இரவு எட்டரைக்குக் கதவைச் சாத்தாதீர்கள்

கேள்வி: ஸ்பெயினில் உள்ள கிரானடாவில் முதுகலை படிக்கிறேன். வந்து மூன்று மாதமாகிறது. வகுப்பு விட்டால் அறை, அறை விட்டால் வகுப்பு. ஏழரைக்குச் சமைத்துச் சாப்பிட்டு, எட்டரைக்குக் கதவைச் சாத்திவிடுகிறேன். வீட்டுத் தோழிகள் பத்து மணிக்குத்தான் அடுப்பையே பற்றவைக்கிறார்கள். நான் சைவம், மது தொட மாட்டேன். படித்துவிட்டு வந்த ஸ்பானிஷ் இங்கே எடுபடவில்லை. அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார். ஊர் சுற்றினால் மனசு குத்துகிறது.
- கரூர் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கடனும் இல்லை, மொழியும் இல்லை, அந்த ஏழரை மணிதான். ஏழரைக்கு கிரானடாக்காரர்கள் யாரும் இரவுச் சாப்பாட்டை நினைப்பதுகூட இல்லை. நீங்கள் கதவைச் சாத்தும் நேரத்தில்தான் ஊரே தெருவுக்கு வருகிறது. அங்கே ஓராண்டு படித்த நானும் முதல் இரண்டு மாதம் இதே தப்பைச் செய்தவள்தான்.

அவர்கள் நேரம் கெட்டுச் சாப்பிடுவதாக நினைக்காதீர்கள். கிரானடா லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. ஆனால் ஸ்பெயினின் கடிகாரம் 1940 முதல் ஜெர்மனியின் நேரத்தைக் காட்டுகிறது. கோடையில் அங்கே சூரியன் உச்சிக்கு வரவே இரண்டேகால் ஆகிவிடும். இரண்டரைக்குச் சாப்பிடுகிறவர் உச்சிப்பொழுதில்தான் சாப்பிடுகிறார். நீங்கள்தான் முந்திக்கொள்கிறீர்கள்.

சரி, காசு. அங்கே மதுக்கடையில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சின்னத் தட்டுத் தீனி இனாம். 'தப்பா' என்பார்கள். ஸ்பெயினின் பல ஊர்களில் இதற்குத் தனிக் காசு. கிரானடா இன்னும் பழைய வழக்கத்தை விடவில்லை. பியர்தான் வாங்க வேண்டும் என்றில்லை. 'மோஸ்தோ' என்று கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு. அதற்கும் தட்டு வரும். இரண்டாவது கிளாஸ் வாங்கினால் வேறொரு தட்டு. குழந்தை குட்டிகளோடு பாட்டிமார்கூட வந்து நிற்கிற இடம். நம் ஊர் 'பார்' மாதிரி நினைத்துப் பயப்படாதீர்கள்.

சைவம் என்பதைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று நான் சொன்ன முதல் நாள், அவரைப் பருப்பு மேல் சிவப்புச் சிவப்பாக ஏதோ தூவி வந்தது. பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹமோன்! கடைக்காரருக்கு அது இறைச்சிக் கணக்கில் வரவில்லை. ஆகவே மூன்றையும் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்." இறைச்சி, மீன், ஹமோன் மூன்றுக்கும் முற்றுப்புள்ளி. கத்தரிக்காயை மெல்லிசாகப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். கத்தரிக்காய்க்குப் பாகா என்று முகம் சுளித்தவள், இன்னொரு தட்டு கேட்டேன்.

உங்கள் ஸ்பானிஷில் குறையில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லின் கடைசி 'ஸ்'ஸை விழுங்கிவிடுவார்கள். 'மாஸ் ஓ மெனோஸ்' (ஏறக்குறைய) என்று நீங்கள் படித்தது, காதில் 'மா ஓ மெனோ' என்று விழும். வகுப்பறையில் இது பிடிபடாது, கடை மேடையில் சாய்ந்து நின்றால் பிடிபடும். தமிழோ ஆங்கிலமோ கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவர் யாராவது இருப்பார். வாரம் ஒருமுறை சந்தித்து, அவர் மொழியில் கொஞ்சம், உங்கள் மொழியில் கொஞ்சம் பேசிக்கொள்ளுங்கள். 1531இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. புதிதாக வந்து முழிக்கும் மாணவர்கள் அந்த ஊருக்குப் பழக்கம்தான்.

காசே செலவழிக்காத சாயங்காலமும் உண்டு. தார்ரோ ஆற்றோரமாக நடந்து அல்பைசின் மேட்டில் ஏறினால் சான் நிக்கோலாஸ் முற்றம். எதிரே அல்ஹம்ப்ரா கோட்டை செம்மண் நிறத்தில் மெல்லச் சிவக்கும். பின்னால் சியரா நெவாடா மலையில் பனி. முதல் தடவை ஃபோனில் படம் எடுத்துத் தீர்ப்பீர்கள். நாலாவது தடவை சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். அப்பாவின் கடன் இதனால் ஒரு காசுகூட ஏறாது.

குளிர் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய வீடுகளில் மேசைக்கு அடியில் சின்ன மின்கணப்பை வைத்து, தரைவரை கனத்த துணி போர்த்தியிருப்பார்கள். வீட்டாரெல்லாம் அந்தத் துணிக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அறையில் தனியே போர்வைக்குள் சுருண்டிருக்காமல் அங்கே போய் நீங்களும் காலை நீட்டுங்கள்.

நாளைக்கு ஏழரைக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் போதும். பத்து மணிக்கு அடுக்களைக்குப் போய்த் தோழிகளுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுங்கள். கையோடு உங்கள் ரசப்பொடி டப்பாவையும் எடுத்துப் போங்கள்.